ரோலான் காரோஸ் எத்தனை தடவை ஜெயித்தார்?



இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் கடைசி பெல் அடிக்கும்வரை உட்கார்ந்திருந்த மாதிரி பொறுமையாகப் படியுங்கள். முடிவில் வீட்டுப்பாடமும் உண்டு.

2025 ஜூன் மாதம் 2ஆம் தேதியிலிருந்து 8ஆம் தேதிவரை வீட்டை விட்டு நகரவில்லை. வரப்பில் கால் பிசகி கணுக்கால் சுளுக்கிக்கொண்டது. ஒரு வாரம் காலை ஊன்றக் கூடாது என்று கட்டுப் போட்டு உட்கார வைத்துவிட்டார்கள். பேப்பரை இரண்டு முறை படித்தாயிற்று. வெளியே அனல். வேறு வழியில்லாமல் டி.வி.யைப் போட்டால் பாரிஸில் பிரெஞ்சு ஓபன் டென்னிஸ் நடந்துகொண்டிருந்தது. நம் நேரப்படி பிற்பகல் இரண்டரை மணிக்குத் தொடங்கினால் நடு இரவு தாண்டியும் ஓடும். இரவு எட்டு மணிக்கு மட்டும் வீட்டுக்காரம்மாவின் சீரியலுக்காக ரிமோட்டை ஒப்படைக்க வேண்டியிருந்தது. மற்ற நேரமெல்லாம் நானும், பள்ளி விட்டு வந்த பிறகு என் பேரனும்தான் ரசிகர்கள்.

மூன்றாம் நாள் பேரன் ஒரு கேள்வி கேட்டான். ஆடுகளத்தின் பின்சுவரில், குடைகளில், பந்து பொறுக்கும் பிள்ளைகளின் சட்டையில் எல்லாம் ஒரே பெயர் எழுதியிருக்கிறது அல்லவா? அதைக் காட்டி, "தாத்தா, இந்த ரோலான் காரோஸ் எத்தனை தடவை கப்பு ஜெயிச்சாரு?" என்றான்.

ஒரு தடவைகூட இல்லை. அவர் டென்னிஸ் வீரரே கிடையாது. நண்பர்களோடு பொழுதுபோக்காக ஆடியிருக்கிறார், அவ்வளவுதான். அவர் ஒரு விமானி. அவர் பிறந்த ஊரைச் சொன்னால் நம் பக்கத்துக்காரர்கள் நிமிர்ந்து உட்காருவீர்கள். அந்த ஊருக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் மண்ணிலிருந்து தொடங்குகிறேன்.

டி.வி.யில் பார்க்கும்போது அந்த ஆடுகளம் செக்கச் செவேலென்று இருக்கும். களிமண் தரை என்று நம் பத்திரிகைகள் எழுதுகின்றன. உண்மையில் மேலே இருப்பது செங்கல்லை இடித்துச் சலித்த தூள். நம் ஆயாக்கள் பித்தளைப் பாத்திரம் விளக்க வைத்திருந்தார்களே, அதே சமாசாரம். இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் இருக்காது. அதன் கீழே நொறுக்கிய வெள்ளைச் சுண்ணாம்புக்கல், அதற்கும் கீழே எரிந்த நிலக்கரிக் கசடு, ஜல்லி என்று அடுக்கடுக்காகப் போட்டிருப்பார்கள். பந்து அந்தத் தூளில் உராய்ந்து வேகம் குறைந்து, உயரமாக எழும்பும். அதனால் ஓங்கி அடிப்பவரைவிட சலிக்காமல் ஓடித் திருப்பி அடிப்பவருக்குச் சாதகம். வீரர்கள் சறுக்கிக்கொண்டே போய்ப் பந்தை எடுப்பதும் அந்தத் தூளினால்தான். பந்து விழுந்த இடத்தில் தடம் பதியும். நடுவர் நாற்காலியிலிருந்து இறங்கி வந்து அந்தத் தடத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார்.

இந்தச் செங்கல் தூள் எப்படி வந்தது என்பதற்கு ஒரு கதை சொல்வார்கள். 1880ஆம் ஆண்டு வாக்கில் ஆங்கிலேய வீரர்களான ரென்ஷா சகோதரர்கள் தெற்கு பிரான்ஸில் கான் நகரில் புல்தரை ஆடுகளம் போட்டார்களாம். வெயிலில் புல் கருகிப்போயிற்று. பக்கத்தில் வல்லோரிஸ் என்று ஒரு குயவர் ஊர். அங்கே சூளையில் உடைந்து வீணான மண்பாண்டங்களைப் பொடியாக்கிக் கொண்டுவந்து தரையில் தூவினார்களாம். வில்லியனூரில் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடே வாங்கியிருக்கிற நமக்கு, உடைந்த பானை ஒரு பெரிய விளையாட்டுக்குத் தரையானது என்று கேட்டால் சந்தோஷமாகத்தானே இருக்கும்?

இன்னொரு விஷயமும் கவனித்தேன். அங்கே நடுவர் எண்ணிக்கையை பிரெஞ்சில்தான் சொல்கிறார். சமநிலை என்றால் "எகாலித்தே". அந்தக் காலத்துப் பென்ஷன் சொல்தாக்கள் திண்ணையில் உட்கார்ந்து பிரெஞ்சில் எண்ணிச் சீட்டாடியதைக் கேட்டு வளர்ந்த என் காதுக்கு அது அந்நியமாகப் படவில்லை. டென்னிஸ் என்ற சொல்லே பிரெஞ்சு "தெனே" என்பதிலிருந்து வந்தது என்று மொழி ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். "இந்தா, பிடி" என்று பொருள். பழைய காலத்தில் பந்தைப் போடுகிறவர் எதிரிக்கு அப்படிக் குரல் கொடுத்துவிட்டுத்தான் போடுவாராம்.

இப்போது காரோஸ் கதை.

அவர் பிறந்தது 1888 அக்டோபர் 6. அப்பா வழக்கறிஞர். சின்ன வயதிலேயே குடும்பம் சைகோனுக்குப் போனது. படிப்புக்காகப் பையனை பிரான்ஸுக்கு அனுப்பினார்கள். பன்னிரண்டு வயதில் நிமோனியா வந்து படுத்த படுக்கையானவர், உடம்பைத் தேற்ற சைக்கிள், கால்பந்து, டென்னிஸ் என்று ஓட ஆரம்பித்தார். பாரிஸில் வணிகக் கல்லூரியில் படிக்கும்போது எமில் லெசியர் என்ற ரக்பி வீரர் உடன் படித்தார். அவர்தான் இவரை ஸ்தாத் பிரான்சே என்ற விளையாட்டுச் சங்கத்தில் சேர்த்தார். இந்த நண்பரின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பரீட்சைக்கு வரும்.

1909இல் ரைம்ஸ் நகரில் நடந்த விமானக் காட்சியைப் பார்த்தவர், அதோடு வியாபாரத்தை மறந்து விமானம் ஓட்டப் போய்விட்டார். 1913 செப்டம்பர் 23 அன்று தெற்கு பிரான்ஸில் ஃபிரேஜுஸ் என்ற ஊரிலிருந்து தனியாகக் கிளம்பி, ஏறக்குறைய 8 மணி நேரம் பறந்து, ஆப்பிரிக்கக் கரையில் துனீசியாவின் பிசெர்த் ஊரில் இறங்கினார். எங்கும் நிற்காமல் மத்தியதரைக் கடலை விமானத்தில் தாண்டிய முதல் மனிதர் அவர். தொட்டியில் எரிபொருள் கிட்டத்தட்ட வற்றிவிட்டது. இன்னும் கொஞ்ச தூரம் என்றால் கடலில்தான்.

அடுத்த வருடம் முதல் உலகப் போர். சுழலும் விசிறியின் ஊடாக எந்திரத் துப்பாக்கியைச் சுடும் ஏற்பாட்டை விமானத்தில் பொருத்தி, 1915 ஏப்ரலில் அதை முதலில் போரில் பயன்படுத்தியவர் அவர்தான். அதே மாதம் விமானம் தரையிறங்க நேர்ந்து ஜெர்மானியரிடம் சிறைப்பட்டார். மூன்று வருடம் கழித்து, 1918 பிப்ரவரியில் தப்பி வந்தார். வந்தவர் வீட்டில் இருந்திருக்கலாம். மறுபடியும் போர்முனைக்குப் போனார். 1918 அக்டோபர் 5 அன்று சுட்டு வீழ்த்தப்பட்டார். மறுநாள் அவருக்கு 30 வயது நிறைந்திருக்கும். ஐந்து வாரம் கழித்துப் போர் முடிந்துவிட்டது.

அந்தப் போரில் நம் புதுச்சேரியிலிருந்து போனவர்களும் பிரான்ஸுக்காக உயிர் விட்டார்கள். கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கும் போர் நினைவுச் சின்னம் அவர்களுக்காக 1938இல் எழுப்பியது. ஜூலை 14 அன்று விளக்குப் போட்டு அலங்கரிப்பார்கள். பள்ளிச் சுற்றுலாவில் உங்களில் பலரை அங்கே வரிசையாக நிற்க வைத்திருக்கிறேன்.

சரி, விமானியின் பெயர் டென்னிஸ் அரங்குக்கு எப்படி வந்தது?

1927இல் பிரான்ஸின் நான்கு வீரர்கள் அமெரிக்காவுக்கே போய் டேவிஸ் கோப்பையை வென்று வந்தார்கள். பொரோத்ரா, புருஞ்ஞோன், கோஷே, லகோஸ்த். கதைகளில் வரும் வாள்வீரர்களை வைத்து இவர்களை "நான்கு மஸ்கத்தியர்" என்று மக்கள் அழைத்தார்கள். இதில் லகோஸ்த் என்பவர்தான் பின்னால் முதலைப் படம் போட்ட பனியன் கம்பெனி தொடங்கியவர். சண்டே மார்க்கெட்டில் நூற்றைம்பது ரூபாய்க்குத் தொங்குகிற முதலைப் பனியனுக்கெல்லாம் மூலவர் அவர்.

அப்போதெல்லாம் கோப்பையை வென்ற நாடு அடுத்த வருடம் சொந்த மண்ணில் அதைக் காக்க வேண்டியிருந்தது. பாரிஸில் அதற்கேற்ற பெரிய அரங்கு இல்லை. நிலம் தர முன்வந்தது ஸ்தாத் பிரான்சே சங்கம். அப்போது சங்கத்தின் தலைவர் யார் தெரியுமா? நான் நினைவில் வைக்கச் சொன்ன எமில் லெசியர். நிலம் வேண்டுமானால், போரில் இறந்த என் நண்பனின் பெயரை அரங்குக்கு வைக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார். 1928இல் அரங்கு திறந்தது. பிரெஞ்சுக்காரர்கள் கோப்பையை 1932வரை விடாமல் வைத்திருந்தார்கள். பெயர் இன்றுவரை நிற்கிறது.

ஒருவர் இறந்து பத்து வருடம் ஆன பிறகும், இவன் பெயர் அழியக் கூடாது என்று பிடிவாதம் பிடிக்க ஒரு நண்பர் இருந்தார். அதனால்தான் நூறு வருடம் கழித்து வில்லியனூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் அந்தப் பெயரை எழுத்துக் கூட்டிப் படிக்கிறான்.

அந்த அரங்கில் தொழில்முறை வீரர்கள் எப்போது நுழைந்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1968வரை விம்பிள்டன், பிரெஞ்சுப் போட்டி போன்ற பெரிய போட்டிகளில் ஆடுகிறவர் பணம் வாங்கக் கூடாது. வாங்கினால் தொழில்முறை ஆட்டக்காரர் என்று முத்திரை குத்தி வெளியே நிறுத்திவிடுவார்கள். நம் தமிழ்நாட்டு ராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 இரண்டு வருடமும் விம்பிள்டன் அரையிறுதிவரை போனவர். அமெரிக்கரான ஜாக் கிராமர் தன் தொழில்முறைக் குழுவில் சேரும்படி பெரிய தொகை தர முன்வந்தார். கிருஷ்ணன் மறுத்துவிட்டார். சேர்ந்திருந்தால் இந்தியாவுக்காக டேவிஸ் கோப்பையில் ஆடியிருக்க முடியாது. 1968இல் அந்த வேலி உடைந்தது. அமெச்சூர், தொழில்முறை என்ற பேதமில்லாமல் எல்லோரையும் முதலில் சேர்த்துக்கொண்ட நாற்பெரும் போட்டி ரோலான் காரோஸில் நடந்ததுதான். மாணவர் கலவரமும் வேலைநிறுத்தமும் பாரிஸையே முடக்கியிருந்த வாரங்களில் அது நடந்தது. 2025இல் ஒற்றையர் பட்டம் வென்றவருக்கு 25 லட்சத்து 50 ஆயிரம் யூரோ. நம் பணத்தில் அப்போது சுமார் 25 கோடி ரூபாய். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே தொகை.

நம்மவர்கள் அந்தச் செம்மண்ணில் கால் பதிக்காமலும் இல்லை. கிருஷ்ணனின் மகன் ரமேஷ், 1979இல் அங்கே இளையோர் பட்டம் வென்றார். அதே வருடம் விம்பிள்டன் இளையோர் பட்டமும் அவருக்குத்தான். சென்னையில் பிறந்த மகேஷ் பூபதி 1997இல் ஜப்பானிய வீராங்கனை ரிகா ஹிராகியோடு சேர்ந்து கலப்பு இரட்டையர் பட்டம் வென்றார். நாற்பெரும் போட்டிகளில் பட்டம் வென்ற முதல் இந்தியர் என்ற பெருமை அவருக்கு அந்த அரங்கில்தான் கிடைத்தது. 1993 ஜூலையில் டேவிஸ் கோப்பையில் பிரான்ஸை அதன் மண்ணிலேயே 3-2 என்று இந்தியா வென்றதே, நினைவிருக்கிறதா? லியாண்டர் பயஸும், ஓய்வு பெறும் வயதிலிருந்த ரமேஷும் ஆடினார்கள். அந்த ஆட்டம் நடந்த ஊர் ஃபிரேஜுஸ். காரோஸ் கடலைத் தாண்ட விமானம் ஏறிய அதே ஊர்.

இப்போது அந்தப் பிறந்த ஊர்.

காரோஸ் பிரான்ஸில் பிறக்கவில்லை. இந்துமாக் கடலில், மடகாஸ்கருக்குக் கிழக்கே, மொரீஷியஸுக்குத் தென்மேற்கே சுமார் 200 கிலோமீட்டரில் ரெயூனியன் என்று ஒரு தீவு. பழைய பெயர் பூர்போன். அதன் தலைநகர் சேந்தெனியில் பிறந்தார். இன்று அந்தத் தீவின் விமான நிலையத்துக்கும் ரோலான் காரோஸ் என்றுதான் பெயர். கடற்கரையில் அவருக்குச் சிலையும் இருக்கிறது.

ரெயூனியன் என்றதும் உங்களில் சிலருக்குப் பொறி தட்டியிருக்கும். நம் ஆட்கள் கரும்பு வெட்டப் போன தீவு அது.

பாடப் புத்தகத்தில் இது ஒரு பத்திகூட இருக்காது என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். 1848 டிசம்பர் 20 அன்று அந்தத் தீவில் அடிமை முறை ஒழிந்தது. அறுபதாயிரம் பேருக்கு மேல் விடுதலை ஆனார்கள். சர்க்கரைத் தோட்ட முதலாளிகளுக்குக் கூலிக்கு ஆள் வேண்டும். பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியும் காரைக்காலும் அவர்கள் கண்ணில் பட்டன. ஆள் பிடிக்கும் மேஸ்திரிகள் ஊர் ஊராகப் போனார்கள். முன்பணம் கொடுத்தார்கள். ஐந்து வருட ஒப்பந்தம். 1860இல் பிரிட்டிஷ் அரசோடு பிரான்ஸ் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டு, பிரிட்டிஷ் பகுதியிலிருந்தும் ஆள் எடுக்க வழி செய்துகொண்டது. நம் சுற்றுவட்டக் கிராமங்களிலிருந்தும் தமிழ் மாவட்டங்களிலிருந்தும் ஆணும் பெண்ணும் நடந்தே புதுச்சேரிக்கு வந்தார்கள். கப்பல் கரைக்கு வராது. சலங்குப் படகில் அலை தாண்டிப் போய் ஏற வேண்டும். ஒரு மாதமோ அதற்கு மேலோ கடலில் இருக்க வேண்டும். அந்தப் பக்கம் இறங்கியதும் லா கிராந்த் ஷலூப் என்ற இடத்தில் நோய்த் தடுப்புக் கொட்டகை. அது இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. அங்கே ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்துப் பதிவேட்டில் எழுதினார்கள்.

அங்கே நடத்திய விதம் பற்றிப் புகார்கள் குவிந்து, 1882இல் பிரிட்டிஷ் அரசு ஆள் அனுப்புவதை நிறுத்தியது. அதற்குள் போனவர்கள் ஒரு லட்சத்தைத் தாண்டும் என்பது ஆய்வாளர்கள் கணக்கு. நிறுத்தி ஆறு வருடம் கழித்துத்தான் சேந்தெனியில் காரோஸ் பிறந்தார். அவர் தொட்டிலில் கிடந்தபோது அந்தத் தீவின் தோட்டங்களில் தமிழ்ப் பேச்சு கேட்டுக்கொண்டிருந்தது.

அவர்களை அங்கே மலபார் என்று அழைத்தார்கள். மலையாளக் கரைக்கும் அவர்களுக்கும் சம்பந்தம் இல்லை, ஆனாலும் பெயர் ஒட்டிக்கொண்டது. இன்றைக்கு ரெயூனியன் மக்களில் கால் பங்குக்கு இந்திய வம்சம் என்று சொல்கிறார்கள். பெரும்பாலும் தமிழ் வம்சம். தமிழ் பேச்சு மறைந்துவிட்டது. ஆனால் நம் ஊர்த் திரௌபதி அம்மன் கோயிலில் நடக்கிற தீமிதி அங்கேயும் நடக்கிறது. பாஞ்சாலி அங்கே "பாந்தியாலே" ஆகியிருக்கிறாள். காவடி எடுக்கிறார்கள். முருங்கைக்கீரையை "பிரேத் முருங்" என்கிறார்கள். "ருகாய்" என்று காரமாக ஒரு தொட்டுக்கொள்ளும் பதார்த்தம் உண்டு, நம் ஊறுகாய்தான் அப்படி ஆனது என்கிறார்கள். பெயர்களும் அப்படித்தான். எழுதிய குமாஸ்தாவின் காதில் விழுந்தபடி வீரப்பிள்ளை "விராபூல்லே" ஆனார், வைத்திலிங்கம் "வைத்திலங்கோம்" ஆனார். கப்பல் ஏறிய ஒருவருடைய சொந்தப் பெயர், அவருடைய பேரன் கொள்ளுப்பேரன்களுக்கெல்லாம் குடும்பப் பெயராக நின்றுவிட்டது.

நம் வீட்டுக் கதைக்கு வருகிறேன். உறவினர்களில் மூத்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். என் ஆயா சொல்வார்: அவருடைய தாத்தாவோடு பிறந்தவர் ஒருவர், தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு, பாகூர்ப் பக்கத்திலிருந்து போய்க் கப்பல் ஏறினாராம். தாது வருஷம் என்றால் 1876. ஏரி வற்றி, ஆடு மாடு செத்து, களியும் கிடைக்காத காலம். போனவரிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. அவருடைய அம்மா சாகும்வரை ஆடிப்பெருக்கு அன்று ஓர் இலை அதிகமாகப் போட்டு வைப்பாராம். அவர் பெயர் என்ன என்று நான் ஆயாவிடம் கேட்டபோது, "கப்பல்காரர்னுதான் சொல்லுவாங்க" என்றார். அதற்கு மேல் அவருக்கே தெரியவில்லை. மூன்று தலைமுறைக்குள் ஒரு மனிதரின் பெயர் போய்விட்டது. இலை போட்டது மட்டும் நினைவில் நிற்கிறது.

இன்னொன்று. நான் பணியில் இருந்தபோது, 2010 வாக்கில் இருக்கும், ரெயூனியனிலிருந்து வயதான தம்பதி ஒருவர் வில்லியனூர்ப் பக்கம் வந்தார்கள். கையில் ஒரு நகல் தாள். அவருடைய பாட்டனாரின் தகப்பனார் பற்றிய பதிவு. ஓர் எண், ஒரு கப்பல் பெயர், வயது, தகப்பன் பெயர், ஊர். பள்ளிக்கூடத்தில் யாராவது படித்துச் சொல்வார்கள் என்று யாரோ கைகாட்டியிருக்கிறார்கள். ஊர் என்ற இடத்தில் "வில்லெனூர்" என்றிருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் வில்லியனூரை அப்படித்தான் எழுதுவார்கள். ஆனால் அது ஊரையும் குறிக்கும், கொம்யூன் முழுவதையும் குறிக்கும். அதில் எத்தனை கிராமம்! தகப்பன் பெயரோ தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கிற பெயர். நானும் என்னோடு வேலை பார்த்த ஆசிரியரும் இரண்டு நாள் அவர்களோடு அலைந்தோம். தெருத் தெருவாகப் பெரியவர்களைக் கேட்டோம். எல்லா வீட்டிலும், "ஆமா, எங்க வீட்லயும் ஒருத்தர் போனதா சொல்லுவாங்க" என்றார்கள். யாருக்கும் பெயர் தெரியவில்லை.

அந்த அம்மாள் கடைசியில் திருக்காமீசுவரர் கோயில் குளக்கரையில் கொஞ்சம் மண் எடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். மொழி தெரியாததால் எங்களிடம் எதுவும் சொல்லவில்லை, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

அவர்களிடம் பெயர் இருந்தது, எண் இருந்தது, கப்பல் இருந்தது. இங்கே நம்மிடம் வீடு இருந்தது, நிலம் இருந்தது, பெயர் இல்லை. இரண்டும் சேர்ந்திருந்தால் ஒரு குடும்பம் கூடியிருக்கும்.

இதையெல்லாம் ஏன் டென்னிஸோடு முடிச்சுப் போடுகிறேன் என்று கேட்பீர்கள். 2025ஆம் வருடப் போட்டி தொடங்கிய மே 25 அன்று, அங்கே 14 முறை பட்டம் வென்ற ரஃபேல் நடாலுக்கு மரியாதை செய்தார்கள். நடு அரங்கின் தரையில், வலை பக்கத்தில், அவருடைய காலடித் தடத்தையும் பெயரையும் ஒரு தகட்டில் பதித்து வைத்தார்கள். அந்த வாரம் முழுவதும் டி.வி.யில் அதைக் காட்டிக்கொண்டே இருந்தார்கள். உலகத் தரவரிசையில் 361ஆவது இடத்தில் இருந்த லோயிஸ் புவாசோன் என்ற பிரெஞ்சுப் பெண் அரையிறுதிவரை வந்தார். அதற்கு முந்தைய மாதம்வரை அந்த நாட்டிலேயே பலருக்குத் தெரியாத பெயரை அரங்கமே சேர்ந்து கூவியது. ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டத்தில் சின்னருக்கு எதிராக அல்கராஸ் மூன்று முறை தோல்வியின் விளிம்பு வரை போய் மீண்டு, 5 மணி 29 நிமிடம் ஆடி வென்றார். அந்தப் போட்டியின் வரலாற்றிலேயே நீளமான இறுதி ஆட்டம் அது. நம்மூரில் நள்ளிரவு தாண்டிவிட்டது. அந்த இரண்டு பையன்களுக்கும் அப்போது 22, 23 வயதுதான். அவர்கள் அடித்த ஒவ்வொரு பந்தும் கணக்கில் எழுதியிருக்கிறது. நூறு வருடம் கழித்தும் கேட்டால் சொல்வார்கள்.

அதே வயதில்தான் நம் ஆட்கள் கப்பல் ஏறினார்கள். பதிவேட்டில் பார்த்தால் இருபது, இருபத்திரண்டு, இருபத்தைந்து என்றுதான் வயது இருக்கும். அவர்கள் வெட்டிய கரும்பு எத்தனை கட்டு என்று தோட்டக்காரன் எழுதி வைத்திருப்பான். அவர்கள் யார் வீட்டுப் பிள்ளை என்பதை நாம்தான் எழுதி வைத்திருக்க வேண்டும்.

காரோஸ் வீரர்தான், சந்தேகமில்லை. அவர் பெயர் நிற்பது நியாயம். ஆனால் வீரம் மட்டும் பெயரைக் காப்பாற்றிவிடாது. அந்தப் போரில் அவரைப் போல எத்தனையோ விமானிகள் செத்தார்கள். லெசியர் மாதிரி ஒரு நண்பர் வாய்த்தவரின் பெயர் நின்றது. வரலாறு என்று நான் உங்களுக்கு முப்பது வருடத்துக்கு மேல் கரும்பலகையில் எழுதிப் போட்டது ராஜாக்களும் தேதிகளும். அது வேண்டியதுதான். அதற்குக் கீழே இப்படி ஒரு வரலாறு இருக்கிறது, அது கேட்டு எழுதுகிறவர் இருந்தால் மட்டும் நிற்கும்.

ஆகையால், வீட்டுப்பாடம்.

முதலாவது, உங்கள் வீட்டில் எழுபது, எண்பது வயதுப் பெரியவர்கள் இருந்தால் இந்த வாரமே உட்கார்ந்து கேளுங்கள். யாராவது கப்பல் ஏறியதாகக் கதை உண்டா? பெயர் என்ன? தகப்பன் பெயர் என்ன? எந்த ஊரிலிருந்து, எந்தப் பஞ்சத்தில்? பெயர் தெரியாவிட்டால் அடைமொழியையாவது எழுதுங்கள். போனில் குரலைப் பதிவு செய்து வையுங்கள். அடுத்த பொங்கலுக்குக் கேட்கலாம் என்று தள்ளாதீர்கள்.

இரண்டாவது, பழைய பெட்டியில் பிரெஞ்சில் எழுதிய தாள் ஏதாவது கிடந்தால் தூக்கிப் போடாதீர்கள். எத்தா சிவில் நகல், நிலப் பத்திரம், பென்ஷன் புத்தகம் எதுவானாலும் சரி, போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். பிரெஞ்சு படிக்கத் தெரிந்த நண்பர்கள் இருக்கிறார்கள், படித்துச் சொல்கிறேன். லாஸ்பேட்டை ஜீவானந்தபுரத்தில் தேசிய ஆவணக் காப்பகத்தின் கிளை இருக்கிறது. கால் குணமானதும் அங்கே போய் விசாரிக்கலாம் என்றிருக்கிறேன். கூட வருகிறவர்கள் கை தூக்குங்கள்.

மூன்றாவது, பிரான்ஸில் இருக்கும் என் மாணவர்களுக்கு. எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரில் பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளின் ஆவணக் காப்பகம் இருக்கிறது. ரெயூனியனிலும் ஆவணக் காப்பகம் இருக்கிறது. லீவில் ஒரு நாள் ஒதுக்குங்கள். தேடும்போது வில்லியனூர் என்று தேடினால் கிடைக்காது, வில்லெனூர் என்று தேடுங்கள். பெயரை நாம் எழுதுகிறபடி தேடாதீர்கள். ஒரு பிரெஞ்சுக்காரக் குமாஸ்தாவின் காதில் அது எப்படி விழுந்திருக்கும் என்று யோசித்துத் தேடுங்கள்.

கிடைத்த பெயரைக் கீழே கருத்துப் பகுதியில் எழுதுங்கள். ஒரு நோட்டுப் போட்டு, ஊர் வாரியாக நான் எழுதி வைக்கிறேன். முதல் வரியில் "கப்பல்காரர், பாகூர்ப் பக்கம், தாது வருஷத்துக்குப் பிறகு" என்று எங்கள் வீட்டு ஆளை எழுதியாயிற்று. பெயருக்கான இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.

எல்லோரும் நலமாக இருங்கள். வெயிலில் அலையாதீர்கள், மோர் குடியுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்